பொய்ப் பாலியல் குற்றச்சாட்டும் ஜமாஅத்தின் கடமையும்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பள்ளிவாசலில் பேசத் தயங்கும் பொருள் ஒன்றை இன்று எடுத்துக்கொண்டுள்ளோம். திருப்பாச்சூரிலிருந்து காக்களூர் தொழிற்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் நம் பிள்ளைகள், ஆண்களும் பெண்களும், இரவு ஷிப்டு உட்படச் சென்று வருகின்றனர். பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகள் உண்மையானவை. அவற்றுள் பல காவல் நிலையம் வரை வருவதே இல்லை. அதே சமயம், செய்யாத குற்றத்திற்காகச் சிறை சென்றவர்களும் உண்டு. இவ்விரண்டையும் ஒருசேர நினைவில் வைத்தே இதைப் பேச வேண்டியுள்ளது.

சென்னையில் பொறியியல் பயின்ற மாணவர் ஒருவர், அண்டை வீட்டுப் பெண்ணைக் கருவுறச் செய்ததாகப் புகார் செய்யப்பட்டுக் கைதானார். 95 நாட்கள் சிறையில் இருந்து, 2010ஆம் ஆண்டில் ஜாமீனில் வெளிவந்தார். பிறந்த குழந்தையின் மரபணுவைச் சோதித்தபோது அவர் தந்தையல்லர் என்பது தெரிந்தது. ஆயினும் மகளிர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2016ஆம் ஆண்டில்தான். அதன்பின் அவர் தொடுத்த வழக்கில் 15 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2020இல் தீர்ப்பாயிற்று. இடையில் அவருடைய படிப்பு முறிந்துபோயிற்று. அதற்கு எந்த நீதிமன்றம் ஈடு தரும்?

உத்தரப் பிரதேசத்தின் லலித்பூர் மாவட்டத்துக்காரர் ஒருவரின் நிலை இதனினும் கொடிது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையில் கழித்த பின்னர், 2021இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. சிறையிலிருந்து அவர் அனுப்பிய மேல்முறையீடு, குறைபாடு நீக்கப்படாமல் 16 ஆண்டுகள் கிடந்ததே காரணம். அவர் பொருட்டு ஓடியாட ஆளில்லை.

பெருமக்களே! இப்பழி யூசுஃப் நபி (அலை) அவர்கள் மீதும் வந்ததை நாம் அறிவோம். அங்கே வழக்கைத் தீர்த்தது எது? அவர்களின் நற்பெயரன்று, கிழிந்த சட்டை. முன்புறம் கிழிந்திருந்தால் அப்பெண் சொல்வது மெய், பின்புறம் கிழிந்திருந்தால் இவர் சொல்வது மெய் என்றார், அப்பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்தவரே. அப்பெண்ணுக்குச் சாதகமான நிலையை முதலில் வைத்துப் பின்னரே மற்றதைச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். சான்று தெளிவாகத் தெரிந்த பின்னும் யூசுஃப் நபி சிறை சென்றார்கள். பின்னாளில் அரசர் அழைத்தபோது, முதலில் அப்பெண்களின் விவகாரம் விசாரிக்கப்படட்டும் என்று சொல்லி அனுப்பினார்களே தவிர, உடனே வெளிவரவில்லை.

ஆகவே பழிக்கு ஆளானவர் நாட வேண்டியது சான்றையே. ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. பதறிப்போய்க் கைப்பேசியிலுள்ள செய்திகளை அழித்துவிடுகிறோம். அழித்ததே குற்றவுணர்வின் அடையாளமாகக் காட்டப்படும், காப்பாற்றக்கூடிய செய்தியும் அதனுடன் போய்விடும். கைப்பேசியை அப்படியே வைக்க வேண்டும். அன்று எங்கிருந்தோம், யாருடன் இருந்தோம் என்பதை நினைவு மங்குமுன் தேதி, நேரத்துடன் எழுதி வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டும். ஆலையின் வருகைப் பதிவு, கம்பெனிப் பேருந்து வந்த நேரம், கடை வாசலிலுள்ள கண்காணிப்புக் கேமரா ஆகியவை பேசும் சாட்சிகள். கேமராவில் பழைய பதிவின் மேல் சில நாட்களிலோ வாரங்களிலோ புதியது ஏறிவிடும். எனவே முதல் நாளே அதைப் பாதுகாக்கும்படி எழுத்துமூலம் கேட்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கு அஞ்சி ஓடக்கூடாது. குற்றமற்றவருக்கு அதுவே துணையாகலாம். தலைமறைவானால் முன்ஜாமீன் கிடைப்பதும் கடினமாகும். வழக்கறிஞரைக் கலந்தாலோசிப்பதும், தமக்கெதிராகத் தாமே சாட்சி சொல்ல மறுப்பதும் அரசமைப்புச் சட்டம் தந்த உரிமைகள். வசதியற்றோர் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவியை நாடலாம்.

ஆலையின் உள்ளகப் புகார்க் குழுவிலிருந்து கடிதம் வந்தால் எழுத்துமூலம் பதிலளியுங்கள். தீய நோக்குடன் பொய்ப்புகார் தந்தவர் மீது நடவடிக்கை எடுக்க 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் நிரூபிக்க இயலாமற்போன புகார் யாவும் பொய்ப்புகார் ஆகாது என்றும் அதே பிரிவு கூறுகிறது.

இனி நம் பங்கு. உறவினரோ ஜமாஅத்தாரோ புகார் தந்த பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பேசவே கூடாது. நல்லெண்ணத்துடன் போனாலும் அது மிரட்டலாகவே கருதப்படும். கிடைத்த ஜாமீனும் இரத்தாகலாம். பணம் கொடுத்து முடிப்பது, நிக்காஹ் செய்து வைப்பது என்னும் பேச்சும் வேண்டாம். இத்தகைய வழக்குகளில் சமரசத்துக்கு இடமில்லை என 2015ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் உரைத்துவிட்டது. அன்றியும், குற்றமற்றவன் ஏன் பணம் தர வேண்டும்? குற்றவாளி எனில், பணத்தால் அவனைத் தப்புவிக்க நாம் யார்? பாதிக்கப்பட்டவர் 18 வயது நிரம்பாதவராயின், அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதிருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். பெண்ணின் பெயரையோ படத்தையோ வாட்ஸப்பில் பரப்புவோருக்கு இரண்டாண்டு வரை சிறை உண்டு.

சூரா அந்நூர் கேட்கும் நான்கு சாட்சிகளைக் காட்டி, கொடுமைக்குள்ளான பெண்ணின் வாயை அடைப்போரையும் பார்க்கிறோம். அவ்வசனம் பெண்களின் மானத்தைக் காக்க வந்தது. அவதூறு பேசுவோரைத் தடுக்க வந்தது. அதைத் திருப்பிப் பிடிப்பது நியாயமன்று.

அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவான செய்தி ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் தொழுகைக்குச் சென்ற பெண்மணி ஒருவர் வழியில் வன்கொடுமைக்கு ஆளானார். அவ்வழியே சென்ற வேறொருவரை அவன்தான் என்று காட்டினார். மக்களும் அவரையே பிடித்து வந்தனர். தண்டனை வழங்கப்படவிருந்த நேரத்தில் உண்மைக் குற்றவாளி எழுந்து ஒப்புக்கொண்டான். அப்பெண்மணி பொய்யுரைக்கவில்லை, அவருக்கு நடந்த கொடுமையும் மெய், பிடிபட்டவர் நிரபராதி என்பதும் மெய். அல்லாஹ் உன்னை மன்னித்துவிட்டான் என்று நபிகளார் அப்பெண்மணியை அனுப்பிவைத்தார்கள். தவறாகப் பிடிக்கப்பட்டவரிடமும் நல்வார்த்தை கூறினார்கள்.

சென்னை மாணவரின் தெருவில் அந்நல்வார்த்தையை யாரேனும் சொன்னார்களா என்று நமக்குள் கேட்டுக்கொள்கிறோம். நம் மஹல்லாவில் விடுதலையாகி வருபவரை முதல் ஜும்ஆவிலேயே முன் ஸஃப்பில் நிறுத்தி, அவருடைய விடுதலையை நிர்வாகம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் எனக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.