வங்கியில் போட்ட காசு எங்கே இருக்கிறது?

(பழைய மாணவியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேசச் சொன்னால் நீரிழிவு, மூட்டுவலி என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்திருப்பீர்கள். உயர்தரத்தில் உயிரியல் படித்த எனக்கு வர்த்தக வகுப்பின் வாசல்கூடத் தெரியாது. ஆனால் சென்ற கூட்டத்தில் புலமைப்பரிசில் நிதிக் கணக்கை வாசித்தபோது ஒரு மூத்த அக்கா எழுந்து, "காசு வங்கியில் பத்திரமாக இருக்குதுதானே பிள்ளை? பிறகு ஏன் இரண்டு பிள்ளைகளைக் குறைக்கிறீர்கள்?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் வாசித்தேன்.

எங்கள் அம்மாமார் வெள்ளவத்தையில் சீட்டுப் பிடித்தார்கள். பத்துப் பேர் போடுவதை ஒருவர் எடுப்பார். மொத்தக் காசு கூடாது, குறையாது. வங்கியும் பெரிய சீட்டுத்தான் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

காலி வீதியில் ஒரு புடைவைக்கடைக்காரருக்கு வங்கி 10 இலட்சம் ரூபா கடன் கொடுக்கிறது என்று வைப்போம். அதற்காக உங்கள் கணக்கிலோ என் கணக்கிலோ ஒரு சதமும் குறைவதில்லை. அவருடைய கணக்கில் 10 இலட்சம் என்று எழுதுகிறார்கள். அவர் தரவேண்டிய கடன் என்று மறுபக்கத்தில் எழுதுகிறார்கள். முன்பு நாட்டில் இல்லாத 10 இலட்சம் இப்போது இருக்கிறது. அவர் கொட்டாஞ்சேனைத் தச்சருக்குக் காசோலை கொடுத்தால் அது இன்னொரு வங்கியில் வைப்பாகும். இரண்டு வங்கிகளும் மத்திய வங்கியில் உள்ள தங்கள் கணக்குகளினூடாகத் தீர்த்துக்கொள்ளும். அவர் கடனை அடைக்க அடைக்க அந்தப் பணம் இல்லாமல் போகும். இதை நான் மூன்று தரம் வாசித்த பிறகுதான் நம்பினேன்.

இதற்குக் கடிவாளம் உண்டு. ரூபா வைப்புகளில் ஒரு பங்கை வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்க வேண்டும். அதுதான் நியதி ஒதுக்கு விகிதம். அது 2 வீதம் என்றால் 100 ரூபா வைப்பில் 98 ரூபா கடனாகும். அது வேறெங்கோ வைப்பாகும். அதிலும் 2 வீதம் போக மீதி கடனாகும். கணக்குப்படி 100 ரூபா 5,000 வரை போகலாம். 4 வீதம் என்றால் 2,500தான். 2021 செப்டெம்பரில் அதை 2இலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஓகஸ்டில் மீண்டும் 2 ஆக்கினார்கள்.

ஆனால் இது பாடப்புத்தகக் கணக்கு. கனடாவில் இப்படியொரு விகிதமே இல்லை. அமெரிக்காவில் 2020 மார்ச்சில் பூச்சியமாக்கினார்கள். அங்கேயும் வங்கிகள் கண்டபடி கடன் கொடுப்பதில்லை. வங்கியின் சொந்த மூலதனம், கடன்காரர் திருப்பித் தருவாரா என்ற பயம், வட்டி ஆகியவைதான் உண்மையான கடிவாளம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியபோது யார் கடனெடுக்கப் போனார்கள்?

அந்த வருடம் எங்கள் வார்டில் மருந்து இல்லை. ரூபா இருந்தது, டொலர் இல்லை. வெளிநாட்டுக் கம்பனிக்குக் கட்டவேண்டிய டொலரை எந்த இலங்கை வங்கியும் எழுதி உண்டாக்க முடியாது. மத்திய வங்கியோ அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல்களை வாங்கி வாங்கி ரூபாவைப் பெருக்கியிருந்தது. இரத்தம் போகும் நோயாளிக்குச் சேலைன் மட்டும் ஏற்றிக்கொண்டே இருந்தால் அழுத்தம் கொஞ்சம் ஏறும், ஹீமோகுளோபின் இறங்கும். 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைகள் முந்திய வருடத்தைவிட 69.8 வீதம் ஏறியிருந்தன. நேரடியாக அப்படி வாங்குவதை 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் பொதுவாகத் தடுத்திருக்கிறது.

இடையில் ஒன்று. கொட்டாஞ்சேனையில் இருந்த என் பெரியம்மா, கூடிய வட்டிக்கு ஆசைப்பட்டு, பதிவில்லாத ஓரிடத்தில் தன் ஓய்வூதியக் காசைப் போட்டு முழுவதையும் இழந்தார். உரிமம் பெற்ற வங்கி விழுந்தால் ஒருவருக்கு ஒரு வங்கியில் ஓர் எல்லை வரை வைப்புக் காப்புறுதி உண்டு; 2021இல் அந்த எல்லையை 11 இலட்சம் ஆக்கினார்கள். பெரியம்மா போட்ட இடத்துக்கு ஒன்றும் இல்லை. தயவுசெய்து பதிவைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இனி அக்காவின் கேள்வி. எங்கள் காசு பத்திரமாக இருக்கிறது. புத்தகத்தில் உள்ள எண்ணில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் 2021இல், வட்டி மிகக் குறைந்திருந்த நேரம், ஐந்து வருட நிலையான வைப்பில் போட்டோம். கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருத்தி. வட்டி அதே வட்டி. கொப்பி, சப்பாத்து, வான் காசு எல்லாம் இரண்டு மடங்குக்கு மேல். அதனால்தான் பன்னிரண்டு பிள்ளைகள் பத்தானார்கள். விடுபட்ட இருவரில் ஒருத்தி அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாள்.

முதலைத் தொடவேண்டாம் என்பதே செயற்குழுவின் முடிவு. மாதம் ஆயிரம் ரூபா தரக்கூடியவர்கள் இருபது பேர் இருந்தால் இருவரையும் திரும்பச் சேர்க்கலாம். படிவம் வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. என்னுடையதை நிரப்பிவிட்டேன், இன்னும் பத்தொன்பது வேண்டும்.