ரெண்டாவது ஆள் யாரு?

(தலைப்பு: பழைய பொருளுக்கு ஏலத்தில் விலையைக் கூட்டுவது பொருளின் அருமையா? வாங்குவோரின் ஆசையா? விஸ்வநத்தத்தில் நடந்த பட்டிமன்றத்தில் 'ஆசையே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே! எதிரணியில் உட்கார்ந்திருந்தாலும் என் பிள்ளைகளைப் போன்ற பேச்சாளர்களே! பகல் பூராவும் பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் அச்சகத்திலும் உழைத்துவிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் எங்கள் பேச்சைக் கேட்க வந்திருக்கிற விஸ்வநத்தத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! 

இந்த ஊர் மேடையில் ஏறும்போது எனக்கு ஒரு பயம். மற்ற ஊரில் பேச்சு பிடித்தால் கை தட்டுவார்கள். இங்கே பிடித்துப்போனால் ஆயிரம் வாலா சரத்தைக் கொளுத்திவிடுவீர்களோ என்று! (சிரிப்பு) நான் பேசி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசிய தங்கச்சி அழகாகப் பேசியது. "ஐயா, அரிதாக இருப்பதற்குத்தான் அருமை என்று பேர். பழைய தீப்பெட்டி லேபிளை இன்டர்நெட்டில் ஏலம் கேட்கிறார்களே, கிடைக்காததால்தானே கேட்கிறார்கள்?" என்றது. தமிழ் வாத்தியார் எனக்கே தமிழ்ப் பாடம் நடத்திவிட்டது. சந்தோஷம்.

ஆனால் நடுவர் அவர்களே, நான் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதினேன். மொத்தம் நாலே நாலு பிரதி டைப் அடித்தேன். உலகத்தில் அதைவிட அரிய நூல் உண்டா? நாலில் ஒன்று பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. போன மாதம் போய் எடுத்துப் பார்த்தேன். கடைசியாக அதை எடுத்துப் படித்தவர் யார் என்று பார்த்தால், நான்தான்! (பலத்த சிரிப்பு) அரிதாக இருந்தால் விலை போகும் என்றால், என் வீட்டு வாசலில் இந்நேரம் நாலு பேர் ஏலம் கேட்டு நிற்க வேண்டாமா?

அரிதாக இருந்தால் மட்டும் போதாது. வேண்டும் என்று ஒருத்தன் வர வேண்டும். அவனோடு போட்டி போட இன்னொருத்தனும் வர வேண்டும்.

இந்த ரெண்டாவது ஆள் இருக்கிறானே, அவன்தான் இன்றைக்கு என் பேச்சுக்குக் கதாநாயகன். தாய்மார்களுக்கு இது சுலபமாக விளங்கும். ஏலச்சீட்டு போடுகிறீர்கள். லட்ச ரூபாய்ச் சீட்டு. பணம் அதே லட்சம்தான். ஒரு மாதம் கொஞ்சமாகத் தள்ளி எடுக்கிறார்கள். இன்னொரு மாதம் எக்கச்சக்கமாகத் தள்ளி எடுக்கிறார்கள். ஏன்? அந்த மாதம் ஒரு வீட்டில் மகள் கல்யாணம். இன்னொரு வீட்டில் காலேஜ் ஃபீஸ். ரெண்டு பேருக்கும் அவசரம். பணத்தின் அருமையா மாறியது? ஆள்களின் தேவை மாறியது!

இன்டர்நெட் ஏலமும் அதேதான். ஈபே என்று அமெரிக்காவில் 1995-ல் ஆரம்பித்தார்கள். அங்கே முதன்முதலில் விற்றது என்ன தெரியுமா? உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர்! 14.83 டாலருக்குப் போயிற்று. விற்றவருக்கே சந்தேகம். வாங்கினவரிடம், "ஐயா, இது உடைந்தது, தெரியுமில்லையா?" என்று கேட்டாராம். அவர், "தெரியும், நான் உடைந்ததைத்தான் சேகரிக்கிறேன்" என்றாராம். அந்தக் கம்பெனியே பெருமையாகச் சொல்கிற கதை இது. உடைந்ததில் என்ன அருமை, தங்கச்சி?

அங்கே ஏலம் கேட்கிற முறை ஒன்று உண்டு. உங்களால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்பதை ரகசியமாகப் போட்டுவைத்துவிடலாம். கம்ப்யூட்டர் உங்களுக்காகக் கேட்டுக்கொண்டே போகும். ஒரு லேபிளுக்கு நான் 5,000 ரூபாய் வரை போகத் தயார். எதிரில் இருப்பவர் 800 வரைக்கும்தான். லேபிள் எனக்கு என்ன விலைக்கு வரும்? 5,000-க்கு இல்லை. 800-க்கு மேலே ஒரு சின்னப் படி, அவ்வளவுதான். என் ஆசை 5,000. ஆனால் விலையைச் சொன்னது யார்? தோற்றுப்போன அந்த ரெண்டாவது ஆள்! அவன் அன்றைக்கு ராத்திரி தூங்கிவிட்டிருந்தால் நூறு ரூபாய்க்கே முடிந்திருக்கும். இன்னொரு கிறுக்கன் வந்திருந்தால் 4,900-க்குப் போயிருக்கும். லேபிள் அதே லேபிள். தோற்றவன் கேட்ட விலையை ஜெயித்தவன் கொடுக்கிற ஏலத்தைப் பற்றி வில்லியம் விக்ரி என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1961-லேயே எழுதினார். 1996-ல் அவருக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள்.

அதனால்தான் நம்ம வீட்டுப் பையன்கள் ராத்திரி ரெண்டு மணிக்குப் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஏலம் முடிய அஞ்சு விநாடி இருக்கும்போது கேட்பார்கள். முன்னாலேயே கேட்டால் ரெண்டாவது ஆள் முழித்துக்கொள்வானாம்! அம்மா கேட்கிறாள்: "என்னடா இந்நேரத்துல?" "ஏலம்மா." "எதுக்குடா?" "தீப்பெட்டிம்மா." "ஏண்டா, அடுப்படியில ஒரு பண்டலே கிடக்கே!" (சிரிப்பு)

இன்னொரு கூத்து சொல்கிறேன். எனக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் விடியற்காலையில் போன் பண்ணுகிறார். "மாப்ளே, எங்கப்பா நோட்டுல ஒட்டி வச்ச லேபிள் ஒண்ணு, அதே லேபிள், இன்டர்நெட்ல ஐம்பதாயிரம் போட்டிருக்கான்!" "போட்டிருக்கானா, போச்சா மாமா?" என்றேன். மனுஷன் பேசவில்லை. போடுகிறவன் என்ன வேண்டுமானாலும் போடுவான். என் பழைய செருப்புக்கு ஒரு லட்சம் என்று நானும் போடலாம். விற்று முடிந்த விலை என்று தனியாகக் காட்டுவார்கள், அதைப் பார்க்க வேண்டும். அதிலும் ஒன்றைப் பார்த்தால் போதாது, நாலைந்து பார்க்க வேண்டும். பார்த்தோம். அவருடைய லேபிளை நூறு லேபிள் கட்டோடு கட்டாகச் சேர்த்து விற்றிருக்கிறார்கள். ஒரு லேபிளுக்குக் கணக்குப் போட்டால் டீக் காசுகூடத் தேறவில்லை. ஆனால் ஐம்பதாயிரம் கனவில் அவர் அதற்குள் மாடி எழுப்பப் பிளான் போட்டுவிட்டார்!

சரி, சேர்க்கிறவர்கள் எதற்கு ஆசைப்படுகிறார்கள்? அதுதான் ரசமான கதை.

ஒரு காலத்தில் நமக்குத் தீப்பெட்டி ஸ்வீடனில் இருந்தும் ஜப்பானில் இருந்தும் வந்தது. குச்சி அந்நிய நாட்டுக் குச்சி. மேலே படம் நம்ம ஊர் சாமி! 1923-ல் சிவகாசியில் இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை இல்லாத கந்தக பூமியில் தீப்பெட்டித் தொழில் பிறந்தது. அணில் மார்க், காக்கா மார்க். எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாவும் கடையில் போய், "அணில் கொடுப்பா" என்று கேட்கலாம். அதற்காகத்தான் அணிலும் காக்காயும் சேவலும். தீப்பெட்டி வந்தது, லேபிள் வேண்டியிருந்தது, அச்சகம் வந்தது. 1934-ல் தீப்பெட்டிக்கு எக்சைஸ் வரி போட்டார்கள். வரி கட்டிய அடையாளமாகப் பெட்டியைச் சுற்றிப் பேண்ட்ரோல் ஒட்டினார்கள். அந்தக் காகிதத் துண்டோடு முழுப்பெட்டி கிடைத்தால் சேர்க்கிறவனுக்குக் கொண்டாட்டம்.

இதில் வேடிக்கை, போலி லேபிள். ஒரு மார்க் நன்றாக ஓடினால் பேரில் ஒரு எழுத்தை மாற்றி, அதே நிறம், அதே படம், இன்னொருத்தர் போட்டுவிடுவார். இன்றைக்குச் சேர்க்கிறவர்கள் அந்தப் போலியையும் தேடுகிறார்கள்! அசல் ஒன்றை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து அடித்த பத்துப் போலியை வரிசையாக ஒட்டினால்தான் அவருக்கு மனசு ஆறும். ஒன்பது இருக்கிறது, ஒன்று குறைகிறது என்றால் அந்த ஒன்றுக்கு என்ன வேண்டுமானாலும் கொடுப்பார். ஜப்பானில் தெயிச்சி யோஷிசாவா என்று ஒருவர், 1925-ல் ஆரம்பித்து 7,43,512 வகை லேபிள் சேர்த்துக் கின்னஸில் இடம் பிடித்தார். ஏழு லட்சம் சேர்த்தவருக்கும் அடுத்த ஒன்று வேண்டியிருந்தது.

தங்கச்சி இன்னொரு உதாரணம் சொன்னது. இங்கிலாந்தில் மேசைமேல் வைத்துப் போர் விளையாடுகிற ஈயச் சிப்பாய்ப் பொம்மைகள், கட்டைவிரல் உயரம். வார்ப்பை நிறுத்திவிட்டால் ஏலத்தில் விலை ஏறுகிறது, மறுபடி வார்த்தால் இறங்குகிறது, அதனால் அருமையே காரணம் என்றது. ஒத்துக்கொள்கிறேன், கொஞ்சம். ஆனால் நிறுத்தின பொம்மை எல்லாம் விலை ஏறவில்லையே! சின்ன வயசில் எந்தப் பொம்மைக்கு அழுது அப்பா வாங்கித் தரவில்லையோ, அதைத்தான் நாற்பது வயசில், சம்பளம் வந்தபிறகு, ராத்திரி ரெண்டு மணிக்கு வாங்குகிறான். (கைதட்டல்)

மறுபடி அச்சடித்தது என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய லேபிளைக் கம்ப்யூட்டரில் பிடித்துப் புதிதாக அடித்து, டீத்தண்ணியில் முக்கிக் காயவைத்து, தாத்தா காலத்துக் கல்லச்சு என்று விற்கிறவர்களும் உண்டு. ஒரு லென்ஸை வைத்துப் பாருங்கள். கல்லில் கையால் புள்ளி வைத்ததாக இருந்தால் புள்ளி ஒழுங்கில்லாமல் இருக்கும். படை வீரர் மாதிரி வரிசையாக நின்றால் அது கையால் வைத்த புள்ளி இல்லை. வீட்டில் நோட்டு இருந்தால் லேபிளைப் பிய்த்து எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் உறை போட்டுச் சூடு காட்டி ஒட்டிவிடாதீர்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

தீப்பெட்டி விலை என்ன? 2007-ல் ஐம்பது பைசாவில் இருந்து ஒரு ரூபாய் ஆயிற்று. அப்புறம் 14 வருஷம் ஏறவே இல்லை. 2021 டிசம்பரில்தான் ரெண்டு ரூபாய். குளோரேட் விலை ஏறியது, மெழுகு விலை ஏறியது, அட்டை விலை ஏறியது. பெட்டி மட்டும் அதே ஒரு ரூபாய்! பொருளுக்கு விலை இல்லை. மேலே ஒட்டின காகிதத்துக்கு, ஐம்பது வருஷம் கழித்து, ஆயிரக் கணக்கில் ஏலம்.

போன முறை இந்தப் பக்கம் வந்தபோது ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். எட்டு வயசில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறினவர். கட்டை அடுக்கியிருக்கிறார், பெட்டி அடைத்திருக்கிறார், லேபிள் ஒட்டியிருக்கிறார். குரோஸ் கணக்குக்குக் கூலி. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல்தான் வந்தது. உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைகளுக்காகத் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். பாட்டிக்கு ரெண்டும் வந்து சேரவில்லை. அதற்குள் அவருக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.

போனில் ஒரு லேபிளைக் காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்தார். "இது எங்க ஆபீஸ் படமுல்லா!" என்றார். விரலால் போன் கண்ணாடியைத் தடவினார். "பசை அதிகமாப் போச்சுன்னா படம் சுருங்கும், கணக்குப்பிள்ளை பெட்டியைக் கழிச்சுப்புடுவாரு" என்றார். விலையைச் சொன்னேன். நம்பவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "ஒண்ணே ஒண்ணு எனக்குக் கிடைக்குமாய்யா? பேரப்பிள்ளைக்குக் காட்டணும்."

நடுவர் அவர்களே! நான் ஆசைதான் விலை என்று வாதாட வந்தவன். இந்தப் பாட்டிக்கு இல்லாத ஆசையா லண்டனில் இருக்கிறவருக்கு? ஆனால் ஏலத்தில் பாட்டியின் ஆசைக்குச் சத்தம் இல்லை. கையில் கார்டு இருக்கிறவன் ஆசைதான் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கேட்கும். எதிரணித் தம்பி இதை எடுத்துக்கொண்டு என்னை மடக்கலாம், மடக்கட்டும். பாட்டியால் அங்கே முதல் ஆளாக நிற்க முடியாது. ரெண்டாவது ஆளாகக்கூட நிற்க முடியாது.

இந்தக் கூட்டத்தில் அச்சகம் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் மச்சியில் பழைய மாதிரிப் புத்தகங்கள் கிடக்கின்றன. லேபிள், காலண்டர், பட்டாசு டப்பாப் படம் எல்லாம் ஒட்டிவைத்தவை. தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது எடைக்குப் போட்டுவிடுகிறீர்கள். காகிதக்காரர் கிலோ கணக்கில் வாங்கிப் போகிறார், அடுத்த வருஷம் அதில் ஒரு ஏடு கடல் கடந்து ஏலத்துக்கு வருகிறது. விற்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? விற்கிறதைத் தெரிந்து விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கட்டும். பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டட்டும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அந்தப் பாட்டி கேட்ட லேபிளுக்கு நானே ஏலம் கேட்டேன். நாளைக்கு ராத்திரி முடிகிறது. இதுவரைக்கும் நான் ஒருத்தன்தான் கேட்டிருக்கிறேன். இந்த நிகழ்ச்சியை டி.வி.யில் பார்க்கிற புண்ணியவான் எவராவது ரெண்டாவது ஆளாக வந்துவிடாதீர்கள்! (சிரிப்பு, பலத்த கைதட்டல்)