ராஜா தேசிங்கு: பாட்டும் பாடமும்

(ரிச்சர்ட்ஸ் டவுனில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உழைப்பவர்கள் கூடும் இடத்தில் அரசன் கதை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாம் அரசர்களுக்குத் துதி பாட வரவில்லை. ஆனால் பத்தே மாதம் ஆண்டு, 22 வயதில் களத்தில் விழுந்த ஒருவனை முந்நூறு ஆண்டுகளாக ஏழை மக்கள் பாடி வருகிறார்கள் என்றால், அதில் நமக்கு ஒரு சேதி இருக்கத்தான் வேண்டும். வீட்டில் பையன் கொஞ்சம் விறைப்பாக நடந்தால், "பெரிய ராஜா தேசிங்குன்னு நெனப்பு" என்று தாய் சொல்கிறாளே, அந்தச் செஞ்சி தேசிங்கைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் வரலாறு. செஞ்சிக் கோட்டையை 1677-இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் இராஜாராம் அங்கே இருந்தபோது மொகலாயப் படை வருடக்கணக்கில் முற்றுகையிட்டு, 1698-இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. அதன்பின் ஔரங்கசீப் அந்தக் கோட்டையை சொரூப்சிங் என்ற புந்தேல ராஜபுத்திரரிடம் ஒப்படைத்தார். அவருடைய மகன்தான் தேஜ்சிங். நம் மக்கள் வாயில் அவன் தேசிங்கு ஆனான்.

தகப்பன் இறந்ததும் மகன் பட்டத்துக்கு வந்தான். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கப்பப் பாக்கியைக் கேட்டார். ஔரங்கசீப் கொடுத்த சன்னது இருக்கிறது என்றான் தேசிங்கு. ஔரங்கசீப் 1707-லேயே போய்விட்டார், புதிய பாதுஷாவிடம் புதுச் சன்னது வாங்கினாயா என்றது நவாபு தரப்பு. காகிதத்தில் தொடங்கிய வழக்கு கத்தியில் முடிந்தது. 1714 அக்டோபரில் பல்லாயிரம் பேர் கொண்ட படைக்கு எதிராகச் சில நூறு குதிரை வீரர்களோடு தேசிங்கு இறங்கினான். திரும்பி வரவில்லை.

தோழர்களே, இளம் வயதில் தலையாலங்கானத்தில் எழுவரை வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் புலவர்கள் பாடினார்கள். அவன் வென்றவன், பாடியவர்கள் அரசவை கண்டவர்கள். தேசிங்கோ தோற்றவன். அவனைப் பாடியவர்கள் தெருவில் நின்றவர்கள், கூத்துக் கட்டியவர்கள். பரிசு கொடுக்க அரண்மனையில் ஆள் இல்லாத காலத்திலும் பாடினார்கள். அவன் எந்த ஊர்க்காரன்? வடக்கே புந்தேல்கண்டம். தாய்மொழி தமிழ் அல்ல. இருந்தும் தென்னாற்காட்டு உழவன், "நீ எங்கிருந்து வந்தவன்" என்று கேட்கவில்லை. நம் மண்ணுக்காக நின்றான், நம்மவன் என்றான்.

பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து, தண்டவாளத்திலும் ஆலையிலும் கட்டடத்திலும் வியர்வை சிந்தி, இங்கேயே பிள்ளை பெற்று இங்கேயே மண்ணாகிறவர்கள் நாம். இந்தக் கதையை நம்மைவிட நன்றாக யார் புரிந்துகொள்ள முடியும்? நம் சிட்டி ஸ்டேஷன் இன்று சங்கொள்ளி ராயண்ணா பெயரைத் தாங்கி நிற்கிறது. வெள்ளையனை எதிர்த்து 1831-இல் தூக்கிலே தொங்கிய கித்தூர் வீரன் அவன். அவனைக் கன்னட மக்கள் பாடுகிறார்கள். அவன் கதையை நம் பிள்ளைகளும் அறிய வேண்டும், தேசிங்கு கதையை அவர்கள் பிள்ளைகளுக்கும் நாம் சொல்ல வேண்டும்.

அடுத்து நட்பு. தேசிங்கின் உயிர்த்தோழன் மோபத்துகான் ஒரு முஸ்லிம். தாலி கட்டும் வேளையில் நண்பனின் ஓலை வந்ததாம், மணமேடையை விட்டுக் குதிரை ஏறினானாம். அப்படித்தான் பாட்டில் வருகிறது. எதிரே நின்ற நவாபும் முஸ்லிம்தான். ஆக, அது மதச் சண்டை அல்ல. 1960-இல் வந்த 'ராஜா தேசிங்கு' படத்தில் எம்.ஜி.ஆர். தேசிங்காக நடித்தார்.  

ஆனால் புகழ்வதோடு நிறுத்தினால் நாம் சங்கத்துக்காரர்கள் அல்ல. கப்பம் யார் வீட்டுப் பணம்? ஏர் பிடித்தவன் பணம். கோட்டைக்காரன் வென்றாலும் நவாபு வென்றாலும் வரி கட்டியவன் அவனே. தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாபு எழுப்பிய ஊர் ராணிப்பேட்டை. சென்னை வண்டியில் வாலாஜா ரோட்டைத் தாண்டும்போதெல்லாம் நாம் அதை நினைக்க வேண்டும். எதிரியை மதித்த நவாபின் பண்பு பெரிது. ஆனால் ஒரு பெண்ணை நெருப்பில் இட்ட வழக்கத்தைப் பெருமை என்று நம் வாயால் சொல்ல மாட்டோம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் இந்த நகரம் எரிந்தது. 2016 செப்டம்பரில் மறுபடியும் பேருந்துகள் எரிந்தன. அப்படிப்பட்ட நேரங்களில் நம் தெருப் பிள்ளைகள் சிலருக்கு இரத்தம் கொதிக்கிறது, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தேசிங்கு போல் பாயத் துடிக்கிறார்கள். தம்பிகளே, தேசிங்கிடம் வீரம் இருந்தது. அக்கம்பக்கத்துப் பாளையக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளும் பொறுமை இல்லை. அன்று மாலை செஞ்சியில் எத்தனை வீட்டில் விளக்கு அணைந்ததோ! நமக்கு வேண்டியது குதிரை அல்ல, உறுப்பினர் பட்டியல். பக்கத்து வீட்டுக் கன்னடத் தோழனும் உருது பேசும் தோழனும் நம்மோடு நின்றால், எந்தக் கலகக்காரன் நம் தெருவுக்குள் வருவான்?

செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கல்லுக்கு மரியாதை கிடைத்துவிட்டது. அந்தக் கதைக்கு மரியாதை செய்வது நம் பொறுப்பு. பாட்டில் தேசிங்கு தனியாகப் போகட்டும். வாழ்க்கையில் நாம் சேர்ந்தே போவோம்.