சாவி யாரிடம்?

நான் தலைமையாசிரியனாய் இருந்த நாளில், ஆய்வாளர் வருகின்றார் என்ற செய்தி முதல்நாளே எட்டிவிடும். அன்று மாலை தண்ணீர்ப் பானைகள் துலக்கப்படும். கழிப்பிடத்தில் பினாயில் மணக்கும். ஆய்வாளர் வருவார், பார்ப்பார், “பானை இரண்டு, கழிப்பிடம் ஒன்று” என்று குறித்துச் செல்வார். அவர் எழுதியதில் பொய் ஏதுமில்லை. ஆயினும், மறுவாரம் நண்பகலில் வந்திருப்பாராயின், பானையின் அடியில் தூசியைத்தான் கண்டிருப்பார். அக்குறையில் என் பங்கும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை.

மாணவ நண்பர்களே, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீரும் கழிப்பறையும் தூய்மையும் எந்நிலையில் உள்ளன என்று மதிப்பிடப் புகுவோர்க்கும் இதே இடர் நேர்கின்றது. 2018ஆம் ஆண்டில் என் மகள் மகப்பேற்றுக்காக அத்தகைய நிலையம் ஒன்றில் சேர்ந்திருந்தாள். நள்ளிரவு கடந்து இரண்டு மணி இருக்கும். கழிப்பறைக்குச் செல்ல எழுந்தாள். கதவு பூட்டிக் கிடந்தது. சாவி துப்புரவுப் பணியாளரிடம். அவரோ ஊருக்குள் தம் வீட்டில். நான் மிதிவண்டியில் சென்று அவரை எழுப்பிச் சாவியை வாங்கி வரும்வரை, அவள் தன் தாயின் தோளைப் பற்றிக்கொண்டு வலியோடு நின்றிருந்தாள். அந்நிலையத்துப் பதிவேட்டில் கழிப்பறைகள் இரண்டு என்றே இருந்திருக்கும். இரண்டும் இருக்கத்தான் செய்தன!

இவ்விடத்தில் வியன்னா நகரின் பொது மருத்துவமனையை நினைவு கூர்தல் தகும். அங்கே மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. மருத்துவ மாணவர் பயின்ற முதற்பிரிவில், மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவைவிட மிகப் பல தாய்மார் காய்ச்சலால் மாண்டனர். செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் இச்சாவுகளை மாதந்தோறும் எண்ணிப் பார்த்தார். பிணங்களை அறுத்து ஆய்ந்த கையோடு மாணவர் பேறு பார்க்க வருவதே காரணம் என உணர்ந்தார். 1847 மே மாதம் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பின்னரே உள்ளே வரலாம் என விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. அவ்வளவில் அவர் ஓய்ந்துவிடவில்லை. அவ்வாண்டு அக்டோபரில், சீழ் வடியும் புண்ணுடைய ஒருத்தியைத் தொட்ட கை, அடுத்தடுத்த கட்டில்களுக்கும் நோயைக் கொண்டு சென்றது. வாயிலில் ஒருமுறை கழுவினால் போதாது, ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் கழுவ வேண்டும் என்ற அடுத்த விதி அதிலிருந்து பிறந்தது.

ஆகவேதான் இன்றைய மதிப்பீட்டில் “கை கழுவும் இடம் உண்டா?” என்று மட்டும் கேட்பதில்லை, நோயாளியைத் தொடும் இடத்திலேயே உண்டா, கழிப்பறையிலிருந்து 5 மீட்டருக்குள் நீரும் சோப்பும் உண்டா என்று கேட்கின்றனர். சிறிய மருத்துவ நிலையங்களுக்கென உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் 2017இல் வகுத்தளித்த முறையில் நான் மிகவும் விரும்புவது ஒன்றுண்டு. மதிப்பிடுவோர் வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் அல்லர். அங்குப் பணிபுரியும் செவிலியரும் துப்புரவாளரும் மருத்துவரும் கூடியமர்ந்து தம் குறையைத் தாமே எழுதி, எதை முதலில் திருத்துவது என முடிவு செய்து, மீண்டும் மீண்டும் பார்த்துவருகின்றனர். தமக்குத் தாமே முதல்நாள் சொல்லியனுப்பி ஏமாற்றிக்கொள்வார் எவருமிலர் அன்றோ?

குழாயைப் பார்த்தல் போதாது. திறந்து பார்த்தல் வேண்டும். கோடையிலும் நீர் வருமா என வினவுதல் வேண்டும். மருந்துத் துளி விட்டுப் பார்த்தால், குளோரின் இருக்கும் நீர் மஞ்சள் நிறம் பெறும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருத்தல் நன்று. கழிப்பறையை எண்ணுவதோடு, பெண்டிர்க்குத் தனியே உண்டா, மாதவிலக்குக் காலத்துக்கு வேண்டும் வசதி உண்டா, நடக்க இயலாதவர் நுழைய முடியுமா என்பவற்றையும் காண்பர். கதவு திறந்துளதா, அன்றிச் சாவி எந்நேரமும் கிடைக்குமா என்பதும் அவ்வினாக்களுள் ஒன்று. அதைப் படித்தபோது எனக்கு அந்த நள்ளிரவு நினைவுக்கு வந்தது.

பேத்திக்குத் தடுப்பூசி போட மறுபடியும் அங்குச் சென்றேன். பிரசவ அறை வாயிலருகே ஆணியொன்றில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. யார் அடித்த ஆணியோ, அறியேன். உள்ளே சென்று கை கழுவக் குழாயைத் திறந்தேன், நீர் வந்தது. சோப்பு மட்டும் இல்லை. வெளியே வந்து செவிலியம்மையிடம் அதைச் சொன்னேன்.