வேலை தொடங்கும் முன்னே ஒரு போட்டோ

2006-07 ரயில்வே பட்ஜெட்டில் வந்த திண்டிவனம்–திருவண்ணாமலை பாதை நம்ம செஞ்சி வழியாத்தான் போகணும். வரட்டும், எனக்கும் ஆசைதான். பஸ்ஸுல நின்னு நின்னு கால் போச்சு.

ஆனா என் நாத்தனார் பட்டணத்தில், ரயில் பாலம் கட்டுற இடத்தை ஒட்டிக் குடியிருக்காங்க. தூண் வேலை நடந்தப்போ ராத்திரியெல்லாம் அதிர்வு. அடுப்படிச் சுவரில் விரல் நுழையுற விரிசல். கேட்கப் போனா, "இது பழசும்மா"ன்னு அனுப்பிட்டாங்க. அதே தெருவில் ஒரு அம்மா மட்டும் மகன் பிறந்தநாள் போட்டோவைக் காட்டினாங்க. பின்னாடி சுவர் முழுசா இருந்தது. அவங்க வீட்டுக்குப் பூசிக் கொடுத்தாங்க.

பாதையோரம் வீடு இருக்கிறவங்க சுவர், கிணறு எல்லாத்தையும் இப்பவே தேதியோட செல்போனில் எடுத்து வைங்க. புகார்னா தனியா போகாதீங்க. குழுவா கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்புக் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்க.