மாணாக்கரின் கூச்சமும் சார்பும்

கிராமப் பள்ளியில் தமிழிற் பயின்று சர்வகலாசாலை புகும் நம் பிள்ளைகளிற் சிலர், வகுப்பில் எழுந்து வினவ நடுங்குகின்றனர். உணவுச்சாலைக்குந் தனியே செல்லார். ஒரே நண்பனைப் பற்றிக்கொண்டு, அவன் ஒருநாள் முகங்கொடாதொழியின் உண்ணாது கிடக்கின்றனர். இதனை அகந்தையென்பாரும் உளர், அது பிழை. பலர் பார்வைக்கு அஞ்சும் இந்நிலை முற்றியவிடத்து நோயாதலை அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1980-லேயே தன் நோய்ப்பட்டியலிற் சேர்த்தது.

அஞ்சிய இடத்தை விலக்குந்தோறும் அச்சம் அப்போதைக்குத் தணியும். ஆதலின் மறுமுறையும் விலக்கவே மனம் விழையும். நாம் என் செய்கின்றோம்? வங்கிச் சீட்டையும் நாமே நிரப்பி, விடுதிக் காப்பாளரிடமும் நாமே பேசுகின்றோம். சங்க விடுதியில் நம்மவர் நம்மவரோடே கூடியிருத்தல் இனிதுதான். பிறர் முகம் பழகுவது எங்ஙனம்? இச்சிறு காரியங்களையேனும் அவர்களிடம் விடுவோமாக. உண்ணாமை, உறங்காமை நீடிப்பின் மருத்துவரை நாடுக. 2022-இல் இந்திய அரசு தொடங்கிய 14416 என்னுந் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.