கட்டைவிரல் தாளம்



எந்தக் கச்சேரி மேடையாக இருந்தாலும் பேஸ் கிட்டார் வாசிப்பவர் டிரம்ஸுக்குப் பக்கத்தில், கொஞ்சம் இருட்டான இடத்தில்தான் நிற்பார். பாடகர் முன்னால் நின்று கைதட்டல் வாங்குவார். 1980களில் பிரிட்டனிலிருந்து வந்த ஒரு குழு இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. அதில் பேஸ் வாசித்தவரே நடுவில் நின்றார், அவரே பாடினார், கூட்டமும் அவர் கையைப் பார்க்கத்தான் வந்தது. குழுவின் பெயர் லெவல் 42. அவர் பெயர் மார்க் கிங்.

இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே ஐல் ஆஃப் வைட் என்று ஒரு தீவு உண்டு. கிங் 1958இல் அங்கே கௌஸ் என்ற ஊரில் பிறந்தவர். டிரம்ஸ் வாசிக்கும் ஃபில் கோல்டும் கிட்டார் வாசிக்கும் அவருடைய சகோதரர் பூன் கோல்டும் அதே தீவுக்காரர்கள். லண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியில் ஃபில்லுடன் படித்த மைக் லிண்டப் கீபோர்டுக்கு வந்தார். மேடையில் இந்த நால்வர்தான். ஒலிப்பதிவுக் கூடத்தில் மட்டும் ஐந்தாவதாக ஒருவர் இருந்தார்: வாலி படரூ. பாரிஸில் பிறந்தவர், பெனின் நாட்டு வம்சாவளி. 1979இல் உலகமெங்கும் ஒலித்த ‘பாப் மியூசிக்’ என்ற பாட்டின் பதிவில் அவரும் ஃபில்லும் சேர்ந்து வாசித்திருந்தார்கள். லெவல் 42இன் பெரிய பாட்டுகள் பலவற்றில் சின்தசைசர் வேலையும் இசையமைப்பில் பங்கும் அவருடையவை.

பெயர்க் காரணத்தையும் சொல்லிவிடலாம். டக்ளஸ் ஆடம்ஸின் நகைச்சுவை விண்வெளிக் கதையில், பிரபஞ்சத்தின் மாபெரும் கேள்விக்கு ஒரு கணினி தரும் விடை 42. அங்கிருந்து எடுத்ததுதான்.

குழு தொடங்கிய காலத்தில் லண்டன் நடன விடுதிகளில் ஜாஸ்-ஃபங்க் மோகம் உச்சத்தில் இருந்தது. ஜாஸின் அடர்த்தியான சுரக்கூட்டுகளும் தனிவாசிப்பும் மேலே, ஃபங்கின் விட்டுக்கொடுக்காத நடனத் தாளம் கீழே. அமெரிக்காவிலிருந்து வந்த இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த பிரிட்டிஷ் இளைஞர்கள் லைட் ஆஃப் தி வேர்ல்டு, ஷகடாக், ஃப்ரீஸ் என்று சொந்தமாகக் குழுக்கள் தொடங்கினார்கள். லெவல் 42ம் அந்த வரிசையில் வந்ததுதான். ஆரம்பத்தில் அவர்கள் பாடவே இல்லை. வெறும் வாத்திய இசை. எலைட் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய ஆண்டி சோய்கா பாடச் சொல்லி வற்புறுத்தியபின், 1980இல் முதல் தட்டு வெளிவந்தது. அதற்குப்பின் பாலிடோர் என்ற பெரிய நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது.

இனி அந்தக் கைக்கு வருவோம். கிங் அடிப்படையில் டிரம்ஸ்காரர். அந்த இருக்கையில் ஃபில் இருந்ததால் பேஸ் எடுத்தார். லண்டனில் ஒரு வாத்தியக் கடையில் வேலை பார்த்தபோது, அங்கே வந்துபோன அமெரிக்க வாத்தியக்காரர்கள் கட்டைவிரலால் தந்தியை அடிப்பதைக் கவனித்திருந்தார். இதற்கு ஸ்லாப் என்று பெயர். வலக்கைக் கட்டைவிரலின் எலும்பு தந்தியை அடித்து உலோகக் கட்டையின்மேல் மோதவைக்கும். ஆட்காட்டிவிரல் மெல்லிய தந்தியை இழுத்துச் சுண்டிவிடும். கிங் இதில் இடக்கையையும் சேர்த்தார். சுரம் பிடிக்கும் அந்தக் கையே இடையிடையே தந்திகளைத் தட்டி, சுரமில்லாத ‘டக்’ என்ற ஒலியை எழுப்பும். வலது அடி, இடது தட்டு, சுண்டல் என்று மூன்றும் மாறிமாறி விழும்போது கேட்பது டிரம்ஸ் சொற்கட்டுதான். அதற்குள் சுரமும் இருக்கிறது. கருவியை மார்புயரத்துக்குத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தவில்காரர் விரலுக்குக் கூடு போடுவதுபோல அவர் கட்டைவிரலில் டேப் சுற்றிக்கொண்டு வாசித்தார்.

இதைவிடக் கடினமான காரியம் ஒன்றுண்டு. விரல்கள் பதினாறாகப் பிரிந்த தாளத்தில் ஓடும்போது, வாய் நீண்ட, நிதானமான வரிகளைப் பாட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கக் கூடாது. லண்டனிலும் அமெரிக்காவிலும் ஸ்லாப் வாசிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அதை வாசித்துக்கொண்டே பாடி ஒரு குழுவை நடத்தியவர்கள் மிகச் சிலர்.

1983இல் குழு லாஸ் ஏஞ்சலிஸ் போனது. எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் லாரி டன்னும் வெர்டைன் வைட்டும் தயாரித்த ‘ஸ்டாண்டிங் இன் தி லைட்’ ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு பிரிட்டனில் பத்தாம் இடத்தைப் பிடித்தது. 1985இல் ‘வேர்ல்டு மெஷின்’ வந்தது. அதிலுள்ள ‘சம்திங் அபவுட் யூ’ அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஏழாம் இடம் வரை ஏறியது. 1986இல் ‘லெசன்ஸ் இன் லவ்’ பிரிட்டனில் மூன்றாம் இடம், மேற்கு ஜெர்மனியில் முதலிடம். மறுவருடம் ‘ரன்னிங் இன் தி ஃபேமிலி’ ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் இரண்டாவது.

இங்கேதான் பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஜாஸ்-ஃபங்கை விற்றுவிட்டு பாப் பாட்டுக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். குற்றச்சாட்டு பாதிதான் சரி. ‘லெசன்ஸ் இன் லவ்’ பாட்டில் குரலை மனத்தால் அகற்றிவிட்டுக் கேட்டால் கீழே ஓடுவது அதே பழைய ஓயாத பேஸ்தான். லிண்டப்பின் உச்சஸ்தாயிக் குரல் மேலே இனிப்புத் தடவுவதால் அது உறுத்துவதில்லை. ஒரு பாப் பாட்டுக்குள் இவ்வளவு வாசிப்பை ஒளித்துவைப்பது சாதாரணத் திறமையல்ல. ‘வேர்ல்டு மெஷின்’ அந்தச் சமநிலை கூடிவந்த ஆல்பம். ‘ரன்னிங் இன் தி ஃபேமிலி’யில்தான் மெருகு கொஞ்சம் அதிகமாகி, வாத்தியங்களுக்கு மூச்சுவிட இடமில்லாமல் போனது.

உண்மையான இழப்பு 1987இன் கடைசியில் நேர்ந்தது. ஓயாத பயணத்தில் களைத்த பூன் விலகினார்; குழு போகும் திசை பிடிக்காத ஃபில்லும் விலகினார். வந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. டிரம்ஸுக்கு கேரி ஹஸ்பண்ட், கிட்டாருக்கு, பாடகி கேட் புஷ்ஷுடன் வாசித்த ஆலன் மர்ஃபி. 1988இல் வந்த ‘ஸ்டேரிங் அட் தி சன்’ ஆல்பமும் இரண்டாம் இடம் பிடித்தது. ஆனால் கிங்கின் கட்டைவிரலுக்கும் ஃபில்லின் டிரம்ஸுக்கும் இடையே இருந்த பேச்சு நின்றுவிட்டது. ஹஸ்பண்ட் ஃபில்லைவிடச் சிக்கலாக வாசிக்கக்கூடியவர்; இந்தப் பாட்டுகளுக்கு வேண்டியிருந்தது சிக்கல் அல்ல. 1989இல் மர்ஃபி இறந்தார். 1994இல் ஃபில் ஓர் ஆல்பத்துக்குத் திரும்பி வந்தார். அதே ஆண்டு குழு கலைந்தது.

2001இல் கிங் மீண்டும் அதே பெயரில் குழுவைக் கூட்டினார். 2006இல் ‘ரெட்ரோகிளைட்’ ஆல்பம் வந்தது. பூன் அதற்குப் பாடல் வரிகளில் உதவினார். அதே காலத்தில் லிண்டப்பும் திரும்பினார். பூன் 2019இல் காலமானார்.

இவர்களை இனிமேல்தான் கேட்கப்போகும் நேயர்கள் வெற்றிப் பாட்டுத் தொகுப்பிலிருந்து தொடங்க வேண்டாம். 1985இல் வந்த ‘எ ஃபிசிகல் பிரசன்ஸ்’ என்ற மேடைப் பதிவை முதலில் போடுங்கள். நால்வரும் நேரக் கணக்குப் பார்க்காமல் வாசிப்பது அதில் இருக்கிறது. ‘வேர்ல்டு மெஷின்’ அதற்கு அடுத்தது. கைபேசியின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். பேஸ் காதிலேயே விழாது. நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள்.